அப்பாவை அந்த ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். 15 ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. தலைவலி இல்லாத நாட்களில் மாத்திரையை விட்டுவிடுவார். ஓராண்டாக எதைச் செய்தாலும் தாமதமாகிறது. ஒரு பக்கக் கணக்கைக் கூட்டி முடிக்க அரை நாள் எடுத்துக்கொள்கிறார். பெயர்கள் மறந்துபோகின்றன, முதல் எழுத்தைச் சொன்னால் முழுப் பெயரையும் சொல்லிவிடுகிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையில் 'மூளையின் சிறு ரத்தக் குழாய் நோய், வெண்பொருள் மாற்றங்கள்' என்று எழுதியிருந்தது. பார்த்த மருத்துவர் 'இந்த வயதுக்கு சகஜம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது, ரத்தக் குழாய்களின் நலத்துக்கும் மூளையின் செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நிதியுதவி பெற்று நடக்கும் ஓர் ஆய்வில் சேர அப்பாவை அழைத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள், நினைவாற்றல் தேர்வுகள், இரண்டு ஸ்கேன்கள். அப்பா 'போகலாமே' என்கிறார். தம்பி, 'அவரைச் சோதனை எலி ஆக்காதே. பணம் கொடுப்பவன் சும்மாவா கொடுப்பான்?' என்று சண்டை போடுகிறான். உறவினர் ஒருவர் ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் ஆய்வைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கண் வேறொரு வரியில் போய் நின்றுவிட்டது: 'தலைவலி இல்லாத நாட்களில் மாத்திரையை விட்டுவிடுவார்.' அந்த ஆய்வில் அப்பா சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இந்த ஒரு வரியை இந்த வாரமே மாற்றியாக வேண்டும். ஏன் என்று சொல்லிவிட்டு ஆய்வுக்கு வருகிறேன்.

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவு செய்யும் உறுப்புக்குக் கையிருப்பு என்று எதுவும் கிடையாது. ரத்தம் வருவது நின்றால் ஏறத்தாழ 10 நொடிகளில் நினைவு தப்பிவிடும். அதனால் மூளையின் எந்தப் பகுதி வேலை செய்யத் தொடங்குகிறதோ, அந்தப் பகுதிக்குப் போகும் ரத்தம் உடனே கூடுகிறது. அப்பா கணக்குப் போடும்போது ஓர் இடத்துக்கு, பேசும்போது இன்னோர் இடத்துக்கு. ராய், ஷெரிங்டன் என்ற இருவர் 1890லேயே இதை எழுதிவைத்தார்கள். இந்தத் திறப்பையும் மூடலையும் பார்த்துக்கொள்வதில் ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒரே அடுக்காகப் படிந்திருக்கும் மெல்லிய படலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு குழாயின் தசையைத் தளர்த்திவிடும். அந்த வாயு உடலுக்குள் சைகை கொண்டுபோகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் 1998இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் இருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகையிலையும் முதலில் கைவைப்பது இந்தப் படலத்தில்தான்.

இனி அந்த 'வெண்பொருள்' என்ற சொல்லுக்கு வருகிறேன். மூளையின் மேற்பரப்பில் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இழைகள் உள்ளே கற்றை கற்றையாக ஓடுகின்றன. அந்த இழைகளின் மீதுள்ள கொழுப்புறையின் நிறத்தால் அந்தப் பகுதிக்கு வெண்பொருள் என்று பெயர். அதன் ஆழமான இடங்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நீளமானவை, மெல்லியவை. பக்கத்துக் குழாயோடு இணைப்பு அதிகம் இல்லாதவை. வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு நான் இதைக் கடைமடை என்று சொல்லிப் புரியவைப்பது வழக்கம். தலைமடையில் தண்ணீர் நிறைந்து ஓடும். வாய்க்காலில் சிறு தடங்கல் வந்தாலும் முதலில் காய்வது கடைமடைதான். அப்பாவின் ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிவது பெரும்பாலும் அப்படி நாள்பட வாடிய கடைமடை.

இதில் அழுத்தம் எங்கே வருகிறது? இளம் வயதில் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி ரப்பர்போல விரிந்து கொடுக்கும். ஒவ்வொரு துடிப்பின் அடியையும் அதுவே வாங்கிக்கொண்டு, ரத்தத்தைச் சீரான ஓட்டமாக்கி அனுப்பும். வயதும் உயர் அழுத்தமும் சேர்ந்து அந்தத் தமனியை விறைக்கச் செய்கின்றன. பிறகு அடி முழுவதும் நேராக மேலே போகிறது. மூளையின் குழாய்கள் ரத்தத்தை அதிகம் எதிர்க்காமல் உள்ளே விடுபவை என்பதால் அந்த அடி நுண்குழாய்கள் வரை இறங்கிவிடுகிறது. அடி வாங்கும் குழாய்ச் சுவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. தடித்த சுவரால் விரிய முடியாது. உள்ளே இருக்கும் வழியும் குறுகுகிறது. ஆய்வில் கழுத்திலும் தொடையிலும் கருவியை வைத்து நாடித்துடிப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பார்கள். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் தமனி விறைத்திருக்கிறது என்று பொருள். இந்த அளவீட்டில் வலி எதுவும் இல்லை.

இவை எவையும் தலைவலியாக வெளியே தெரியாது. அப்பா கணக்காளர். தலைவலியை வைத்து ரத்த அழுத்தத்தைக் கணிப்பது, பேரேட்டைத் திறக்காமலே இருப்பைச் சொல்வதைப் போன்றது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கு அது உறைக்கும்.

நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பயன்பட்டது. முதல் எழுத்தைச் சொன்னால் பெயர் நினைவுக்கு வந்துவிடுகிறது என்றீர்கள். அப்படியென்றால் பெயர் உள்ளே பத்திரமாக இருக்கிறது. எடுத்துவரும் பாதைதான் மெதுவாகியிருக்கிறது. சிறு குழாய் நோயின் சாயல் இது. அல்சைமர் நோயில் பெரும்பாலும் புதிய செய்தி உள்ளேயே பதிவதில்லை என்பதால், துப்புக் கொடுத்தாலும் அவ்வளவாக உதவாது. இதை வைத்து மட்டும் நோயை முடிவு செய்துவிட முடியாது. முதுமையில் இரண்டும் ஒரே மூளையில் கலந்திருப்பது மிகச் சாதாரணம். ஆனாலும் அப்பாவைப் பார்க்கும் மருத்துவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். நடை மெதுவாகிவிட்டதா, காலைத் தேய்த்து நடக்கிறாரா, சிறுநீரை அடக்க முடியாமல் விரைகிறாரா, முன்பு விரும்பிச் செய்தவற்றில் ஆர்வம் போய்விட்டதா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதை வீட்டில் இருப்பவர்கள் அடிக்கடி சோம்பல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'இவர் சோம்பேறியாகிவிட்டார்' என்று மனைவி குறை சொல்ல, பதில் சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மனிதர்களை என் அறையில் பார்த்திருக்கிறேன். ஒரு காரியத்தைத் தொடங்கிவைக்கும் இழைகள் வலுவிழந்தால் மனிதன் அப்படித்தான் உட்காருவான். அவரைத் திட்டாதீர்கள்.

'வயதுக்கு சகஜம்' என்று மருத்துவர் சொன்னதில் ஒரு பாதி சரி. 60 வயதைத் தாண்டியவர்களின் ஸ்கேன்களில் ஓரளவு வெள்ளைத் திட்டுகள் பரவலாகவே தெரியும். ஆனால் பலருக்கும் இருக்கிறது என்பதால் தீங்கு இல்லை என்று ஆகிவிடாது. 15 ஆண்டு ரத்த அழுத்தம், வேலையில் தெரியும் தாமதம், திட்டுகள் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது 'சகஜம்' என்று சொல்லி அனுப்பியிருக்கக் கூடாது. அந்த மருத்துவரையே மறுபடி பாருங்கள். அல்லது நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, காது கேட்பது, மனச்சோர்வு ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இவற்றில் சில முழுவதுமாகச் சரிசெய்யக்கூடியவை.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் மூளைக்கு நன்மை உண்டு என்பதை எப்படித் தெரிந்துகொண்டோம்? உங்கள் தம்பி சந்தேகப்படும் அதே நிதியுதவி ஆய்வுகளால்தான். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய ஸ்பிரிண்ட் ஆய்வில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140க்குக் கீழும், மறு பாதிக்கு 120க்குக் கீழும் வைத்திருக்க முயன்றார்கள். மூளையைப் பற்றிய முடிவுகள் 2019இல் வந்தன. தீவிரமாகக் கட்டுப்படுத்திய பிரிவில் டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கு முந்தைய லேசான அறிவாற்றல் குறைவு 287 பேருக்கு வந்தது. மற்ற பிரிவில் 353 பேருக்கு. ஏறத்தாழ 19 சதவீதம் குறைவு. டிமென்ஷியா 149 பேருக்கும் 176 பேருக்கும் வந்தது. இந்த இரண்டாவது வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். இதயத்துக்கு நன்மை தெளிவாகத் தெரிந்துவிட்டதால் தீவிர சிகிச்சையை 2015இலேயே நிறுத்திவிட்டார்கள். டிமென்ஷியா மெல்ல வளரும் நோய். அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல அந்தக் காலம் போதவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்களில் தீவிர சிகிச்சைப் பிரிவினருக்கு வெள்ளைத் திட்டுகள் வளர்ந்த வேகம் குறைந்திருந்தது. அதாவது, உங்கள் அப்பாவின் ஸ்கேனில் இருக்கும் அதே திட்டுகள்.

பிறகு சீனக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 326 கிராமங்கள், ஏறத்தாழ 34,000 பேர். கிராமத்திலேயே இருக்கும் சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் அளந்து, பழைய மலிவான மாத்திரைகளைக் கொடுத்து, 130/80க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். நான்கு ஆண்டுகளில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்தது. முடிவு 2025இல் வெளியானது. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்தது. புதுமையான மருந்து எதுவும் அங்கே இல்லை. அளந்தார்கள், கொடுத்தார்கள், விடாமல் தொடர்ந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த எண்களைப் பார்த்துவிட்டு அப்பாவின் மாத்திரையை நீங்களே கூட்டிவிடாதீர்கள். ஸ்பிரிண்டில் சர்க்கரை நோயாளிகளையும், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவில்லை. தீவிர சிகிச்சை பெற்றவர்களில் அழுத்தம் அதிகமாக இறங்குவதும், மயங்கி விழுவதும், சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் சற்றுக் கூடுதலாக இருந்தன. அங்கே நோயாளியை அமைதியாக உட்காரவைத்துத் தானியங்கிக் கருவியால் அளந்தார்கள். அவசரமாக எடுக்கும் அளவோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது. எனவே அப்பாவுக்கு எந்த எண் பொருந்தும் என்பதை அவரைப் பார்ப்பவர் முடிவு செய்யட்டும். அதற்கு உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. கையில் கட்டும் மின்னணுக் கருவி ஒன்றை வைத்து, ஏழு நாட்கள் காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை அளந்து எழுதுங்கள். அளப்பதற்கு முன் 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். அந்த நேரத்தில் பேச வேண்டாம். ஒருநாள் எழுந்து நின்ற பிறகும் அளந்து பாருங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஜிங்கோவைச் சில வரிகளில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரிடம், சராசரியாக 6 ஆண்டுகள், நாளுக்கு இரண்டு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களிடம் அது சிக்கல் தரக்கூடும்.

இனி உங்கள் தம்பியின் கேள்வி. பணம் கொடுப்பவன் சும்மாவா கொடுப்பான் என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதை நான் தள்ளிவிட மாட்டேன். 1967இல் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இதயநோய்க்குக் கொழுப்பே காரணம் என்று அழுத்தி, சர்க்கரையின் பங்கைக் குறைத்துக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்குச் சர்க்கரை நிறுவனங்களின் அமைப்பு பணம் கொடுத்திருந்தது. கட்டுரையில் அதைச் சொல்லவே இல்லை. பழைய கடிதங்களைத் தேடியெடுத்து 2016இல்தான் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். இதைப் படித்தவர்கள் யாரும் ஆய்வு நிதியைக் கண்மூடி நம்ப முடியாது.

ஆனால் இன்னொன்றையும் தம்பி பார்க்கட்டும். கோகோவில் இருக்கும் ஃபிளவனால் என்ற பொருள் ரத்தக் குழாய்களை இளக்கும் என்ற நம்பிக்கையில் 21,000க்கும் மேற்பட்டோரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சாக்லேட் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனம் பணமும் மாத்திரையும் கொடுத்தது. அதில் ஒரு பகுதியினரிடம் மூளையின் செயல்பாட்டையும் மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவு: கோகோவால் நினைவாற்றலுக்கு நன்மை தெரியவில்லை. சாக்லேட் விற்பவர் பணம் போட்டும் சாக்லேட்டுக்குச் சாதகமாக முடிவு வரவில்லை. கேள்வியை முன்கூட்டியே பதிவு செய்திருந்தார்கள். யாருக்குக் கோகோ, யாருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை என்பது நடத்தியவர்களுக்கே தெரியாது. முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டியிருந்தது. எனவே பணம் யாருடையது என்பதோடு, முடிவை வெளியிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

எனக்கு நெடுநாளாக உறுத்தும் மறுபக்கம் ஒன்றும் உண்டு. யாருக்கும் லாபம் தராத கேள்விகளுக்குப் பணம் கிடைப்பது அரிது. சிறு குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், சிலோஸ்டசால் என்ற இரண்டு பழைய மருந்துகள் உதவுமா என்று பிரிட்டனில் 363 பேரிடம் சோதித்தார்கள். நெஞ்சுவலிக்கும் கால் வலிக்கும் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் மலிவான மருந்துகள்தான் இவை. இவற்றைச் சோதிக்க எந்த நிறுவனம் முன்வரும்? மக்களின் நன்கொடையில் இயங்கும் பிரிட்டிஷ் இதய அறக்கட்டளைதான் நிதி கொடுத்தது. 2023இல் வெளியான முடிவு நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. ஆனாலும் இதைவிடப் பெரிய ஆய்வில் உறுதியாகும் வரை இவற்றை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டாம். அப்பாவை அழைத்திருக்கும் ஆய்வும் அரசு நிதியிலோ அறக்கட்டளை நிதியிலோ நடந்தால், அதில் விற்பனை நோக்கம் இருக்க வாய்ப்புக் குறைவு. எதுவாக இருந்தாலும் ஒப்புதல் படிவத்தில் நிதி யாருடையது என்பது எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம்.

சேர்ந்தால் அப்பாவுக்கு என்ன கிடைக்கும்? உங்களிடம் நேராகவே சொல்கிறேன்: ஆய்வு சிகிச்சை அல்ல. இரண்டு ஆண்டு முடிவில் அவர் பழையபடி வேகமாகக் கணக்குப் போடுவார் என்று எதிர்பார்த்துச் சேராதீர்கள். அப்பாவின் குழாய்களையும் நினைவாற்றலையும் கவனமாக அளந்து வைப்பார்கள். மாத்திரையைத் தவறாமல் எடுக்க அது அவருக்கே ஒரு தூண்டுதலாக இருக்கும். இதைத் தாண்டிக் கிடைக்கும் நன்மை பெரும்பாலும் அடுத்து வருபவர்களுக்குத்தான். அப்பா 'போகலாமே' என்று சொன்னதில் அந்த எண்ணமும் இருக்கலாம், அவரிடமே கேளுங்கள். இப்போது அவரால் படித்து, யோசித்து, சரி அல்லது வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. இந்த முடிவு அவருடையது. நீங்களும் தம்பியும் அவருக்காகச் சண்டை போடுவதைவிட, அவரோடு உட்கார்ந்து அந்தப் படிவத்தைப் படிப்பது நல்லது.

படிக்கும்போது பார்க்க வேண்டியவை: இது வெறும் அளவீட்டு ஆய்வா, மருந்து கொடுக்கும் ஆய்வா? மருந்து என்றால் போலி மாத்திரைப் பிரிவு உண்டா? அந்தப் பிரிவில் விழுந்தாலும் இப்போதைய ரத்த அழுத்த மாத்திரை தொடருமா? நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா, பொதுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிந்திருக்கிறார்களா? ஸ்கேனில் எதிர்பாராத ஏதாவது தெரிந்தால் யாரிடம், எத்தனை நாளில் சொல்வார்கள்? அவர் வேண்டாம் என்று நடுவில் விலகினால் ஏற்கெனவே எடுத்த ரத்த மாதிரிகளை என்ன செய்வார்கள்? விலகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வழக்கமான சிகிச்சையும் அதனால் பாதிக்கப்படக் கூடாது.

உங்களுக்கும் ஒரு வேலை வரும். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் பங்கேற்பாளரை நன்கு அறிந்த ஒருவர் கூடவே வந்து, வீட்டில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள்தான் அந்த ஆள் என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை வர வேண்டும், எத்தனை மணி நேரம், போக்குவரத்துச் செலவைத் தருவார்களா என்று தயங்காமல் கேளுங்கள். அப்பா இல்லாத நேரத்தில் உங்களிடம் தனியாகவும் கேள்வி கேட்பார்கள். அன்பினால் எதையும் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் மறைக்கும் தாமதம் அவர்களின் கணக்கில் இல்லாமலே போய்விடும்.

முதல் சந்திப்புக்குத் தம்பியையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஏழு நாள் அளவுகளை அப்பா தன் கையாலேயே, பழக்கப்பட்ட பேரேட்டு முறையில், தேதியும் நேரமும் போட்டு எழுதி எடுத்துவரட்டும். நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள். பணத்தைப் பற்றிய முதல் கேள்வியைத் தம்பியே கேட்கட்டும்.